தொலைநோக்கி மவுண்ட்டுக்கு மாற்றுப் புல்லி: அளப்பது, வாங்குவது, மாட்டுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்த இரும்புக்கடையில் போய் "தொலைநோக்கி மவுண்ட்டுக்குப் புல்லி இருக்கா?" என்று கேட்டாலும் கையைத்தான் விரிப்பார்கள். மவுண்ட் என்பது தொலைநோக்கியைத் தாங்கி, நட்சத்திரத்தோடு சேர்த்து மெல்லத் திருப்பும் அமைப்பு. ஆனால் அதன் புல்லி தொலைநோக்கிக்கென்றே செய்யப்படும் பொருளல்ல. 3டி பிரிண்டருக்குள் ஓடும் அதே பல் புல்லி, அதே பல் பெல்ட். எதைக் கேட்பது என்று தெரிந்துவிட்டால் வேண்டிய மட்டும் கிடைக்கும். தேய்ந்த புல்லியை மாற்ற நினைப்பவர்களுக்கும், பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு பெல்ட்டுக்கு மாற நினைப்பவர்களுக்கும் இந்த விளக்கம் உதவும். வெர்னியர் அளவி ஒன்று கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆர்டர் போடாதீர்கள்.

படி 1: மவுண்ட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

மோட்டார் சுழலும்போது சிறிய புல்லி பெல்ட்டை இழுக்கும். பெல்ட் பெரிய புல்லியைச் சுழற்றும். பெரிய புல்லி 'வார்ம்' என்ற திருகுதண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தத் திருகுதண்டு ஒரு சுற்று சுற்றினால் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல் நகரும். அந்தச் சக்கரத்தில் இக்யூ5 மவுண்ட்டுக்கு 144 பற்கள், எச்இக்யூ5-க்கு 135, இக்யூ6-க்கு 180. இந்த எண்ணை எழுதி வையுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கை. இக்யூ6 போன்ற மவுண்ட்டை அதனோடு வரும் கைக் கட்டுப்பாட்டுப் பெட்டியாலேயே ஓட்டுகிறீர்கள் என்றால், உள்ளே இருக்கும் 47-க்கு 12 என்ற பல் விகிதத்தை மாற்றக் கூடாது. எளிதாகக் கிடைக்கிறதே என்று 48-க்கு 12 போட்டால் மவுண்ட் 2 சதவீதம் மெதுவாக ஓடும். 10 நிமிடத்தில் நட்சத்திரம் 3 கலை (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்குதான் கலை) தள்ளிப் போய்விடும். 47 பல் புல்லி சாதாரணக் கடைகளில் வருவதில்லை, அதனால் அந்தப் பெட்டியால் ஓட்டுபவர்கள், மவுண்ட்டுக்கென்றே விற்கப்படும் முழுத் தொகுப்பை வாங்குவதுதான் சரி. ஆன்ஸ்டெப் போன்ற கட்டுப்பாட்டுப் பலகையைப் பொருத்தியவர்கள் விகிதத்தைத் தாங்களே எழுதிக் கொடுக்கலாம். இனி வருவது பெரும்பாலும் அவர்களுக்கு.

படி 2: பல் இடைவெளியை அளங்கள்

நமக்கு வேண்டியது ஜிடி2. சில விற்பனையாளர்கள் 2ஜிடி என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே சரியாக 2 மி.மீ. இதற்கு மிக நெருங்கிய இன்னொரு வகை எம்எக்ஸ்எல், அதன் இடைவெளி 2.032 மி.மீ. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பழைய பெல்ட்டை மேசைமேல் நீட்டி, ஒரு பல்லின் ஓரத்திலிருந்து 50 பற்கள் தள்ளி அதே ஓரம் வரை அளங்கள். 100 மி.மீ. வந்தால் ஜிடி2, 101.6 வந்தால் எம்எக்ஸ்எல். ஒன்றின் புல்லியில் மற்றதன் பெல்ட்டை மாட்டினால் முதலில் சுற்றத்தான் செய்யும், ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஏறி இறங்கும். பழைய பிரிண்டரைப் பிரித்தெடுத்த புல்லி கையில் இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம்.

பெல்ட் கையில் இல்லை, புல்லி மட்டும்தான் இருக்கிறதா? பற்களை எண்ணி, வெளி விட்டத்தை அளங்கள். ஜிடி2-வில் 16 பல்லுக்கு ஏறக்குறைய 9.7 மி.மீ., 20 பல்லுக்கு 12.2, 60 பல்லுக்கு 37.7.

படி 3: துளை

இந்த வேலை முழுவதிலும் நான் அதிகம் கவலைப்படுவது புல்லியின் நடுத்துளையைப் பற்றித்தான். புதியவர்கள் பற்களையே பார்ப்பார்கள். படத்தில் நட்சத்திரம் உருண்டையாக வருமா, கோடாக இழுக்குமா என்பதில் துளைக்குப் பெரிய பங்கு உண்டு.

நேமா 17 என்ற அளவுள்ள ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும்) மோட்டாரின் தண்டு 5 மி.மீ. சிறிய புல்லிக்கு 5 மி.மீ. துளை கேட்டால் போதும். வார்ம் தண்டு மவுண்ட்டுக்கு மவுண்ட் மாறும், ஆகவே உங்களுடையதை மூன்று இடத்தில் அளங்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் துளைகள் 5, 6.35, 8 மி.மீ. தண்டு 6 மி.மீ. என்றால் 6.35 துளையை வாங்கி, புல்லியைத் தண்டோடு பிடித்து வைக்கும் குட்டி ஸ்குரூவை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். துளை தண்டைவிட வெறும் 0.1 மி.மீ. பெரிதாக இருந்தாலும், ஸ்குரூ புல்லியை ஒரு பக்கமாகத் தள்ளும்போது மையம் 0.05 மி.மீ. விலகும். 60 பல் புல்லியின் ஆரம் 19.1 மி.மீ. அந்த விலகல் வார்மில் ஏறக்குறைய 540 விகலை பிழை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குதான் விகலை). இக்யூ5-இன் 144 பற்களால் வகுத்தால் வானத்தில் 3.75 விகலை. முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏழரை. 750 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கியில் 3.75 மைக்ரான் பிக்சல் கேமரா வைத்தால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ ஒரு விகலை. ஆக, 10 நிமிடத்துக்கு ஒருமுறை (இக்யூ5-இன் வார்ம் ஒரு சுற்று முடிக்கும் நேரம்) நட்சத்திரம் 7 பிக்சல் ஆடிவிட்டு வரும். 0.35 மி.மீ. தளர்வு என்றால் நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: விகிதமும் பெல்ட் நீளமும்

தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது மோட்டாரில் 20 பல், வார்மில் 60 பல். விகிதம் சரியாக 3. முழு எண்ணாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. இரண்டு புல்லிகளின் ஆட்டமும் வார்மின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி திரும்பி வரும், அதனால் மென்பொருள் அதைக் கற்றுக்கொண்டு திருத்த முடியும். 16 பல்லுக்குக் கீழே போகாதீர்கள். பெல்ட்டைப் பிடிக்கும் பற்கள் குறைந்துவிடும்.

பெல்ட் நீளத்துக்கு, இரண்டு தண்டுகளின் மையத்துக்கு நடுவே உள்ள தூரத்தை அளங்கள். அதை இரண்டால் பெருக்கி, இரண்டு புல்லிகளின் பல் எண்ணிக்கையையும் கூட்டிச் சேர்த்தால் (இடைவெளி 2 மி.மீ. என்பதால் இந்தக் குறுக்குவழி) கிட்டத்தட்ட நீளம் வந்துவிடும். புல்லிகளின் அளவு வேறுபடுவதால் கூட ஒரு 3 மி.மீ. சேரும். தூரம் 50 மி.மீ. என்றால் 100 + 80 + 3, அதாவது 183. கடையில் 188 மி.மீ. வளையம் கிடைத்தால் மோட்டாரை இரண்டரை மி.மீ. பின்னால் தள்ளினால் சரியாக இருக்கும். அதனால்தான் மோட்டார் தாங்கும் தகட்டில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை போடச் சொல்கிறோம். பெல்ட் மூடிய வளையமாக இருக்க வேண்டும். வெட்டி ஒட்டியது இந்த வேலைக்கு ஆகாது.

படி 5: ஆர்டர் போடுவது

ஷோப்பி, லசாடா என்ற இணையக் கடைகள் இரண்டிலும் பல் எண்ணிக்கை, துளை, பெல்ட் அகலம் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். அகலம் 6 மி.மீ. போதும். படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் 'ஐட்லர்' வந்து சேரும் ஆபத்து உண்டு. அதுவும் பல் உள்ள புல்லிதான், ஆனால் உள்ளே பேரிங் இருக்கும். தண்டைப் பிடிக்காமல் சும்மா சுற்றும். பக்கவாட்டில் குட்டி ஸ்குரூவுக்கான துளை தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். சீனப் பெருநாள் சமயத்தில் போட்ட ஆர்டர் வாரக்கணக்கில் நகராது. தோட்டத்து லயன் வீட்டு முகவரியைவிட, பட்டணத்தில் தெரிந்த கடை முகவரி கொடுப்பது நிம்மதி. எதிலும் இரண்டு இரண்டாக வாங்குங்கள். ஒன்று கோணலாக வந்தாலும் வேலை நிற்காது. அவசரமென்றால் கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் மின்னணுக் கடைகளில் நேரிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

படி 6: சரியான துளை கிடைக்காவிட்டால் லேத் பட்டறை

தோட்டப் பட்டணத்தில் நமக்கு இருக்கும் பெரிய பலம் இது. செம்பனை ஆலைக்கும் டிராக்டருக்கும் உதிரிபாகம் கடைந்து பழகிய கைகள் இங்கே இருக்கின்றன. 5 மி.மீ. துளையுள்ள 60 பல் அலுமினியப் புல்லியை எடுத்துப் போய் 6 மி.மீ. ஆக்கித் தரச் சொல்லுங்கள். தண்டின் அளவுக்கு ஒத்த டவல் பின் (துல்லிய அளவுள்ள எஃகு முளை) ஒன்றைப் பேரிங் கடையில் வாங்கிக் கூடவே கொடுங்கள். அது ஆடாமல், அடிக்காமல், விரலால் தள்ளினால் நுழைய வேண்டும்.

எனக்குப் பழக்கமான பட்டறை அண்ணன் சொன்னது: "தம்பி, ஓட்டையப் பெருசாக்குறது வேலையே இல்ல. அது பல்லுக்கு நடுவுல நிக்கணும், அதான் வேல." அவர் புல்லியை லேத்தில் பிடித்ததும் உடனே கடையவில்லை. டயல் கேஜின் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) முனையைப் பற்களின் நுனிமேல் வைத்து, கையால் மெல்லச் சுற்றி, முள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தட்டிச் சரிசெய்தார். முள் ஏறத்தாழ அசையாமல் நின்ற பிறகுதான் கருவியை உள்ளே விட்டார், கடைசியில் துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் ரீமரை ஓட்டினார். உங்கள் பட்டறையிலும் இதையே கேளுங்கள். டிரில் பிட்டை வைத்துத் துளைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

படி 7: மாட்டுவது

தண்டில் தட்டையான முகம் இருந்தால் ஒரு குட்டி ஸ்குரூ சரியாக அதன்மேல் விழ வேண்டும். அதை முதலில் இறுக்கி, பிறகு மற்றதை இறுக்குங்கள். எம்3 ஸ்குரூவுக்கு 1.5 மி.மீ. அலன் கீ, எம்4-க்கு 2 மி.மீ. இரண்டு புல்லிகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். பெல்ட் தொங்கக் கூடாது, வீணைத் தந்திபோல் விறைக்கவும் கூடாது. அதிகம் விறைத்தால் மோட்டாரின் பேரிங்கும் வார்மும்தான் அடி வாங்கும். பெல்ட்டை எந்த நிலையிலும் மடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கண்ணாடி இழை உடைந்துவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சோதனை. சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில் இருக்கிறது, அதனால் வானத் துருவத்தை நோக்கி நிறுத்தும் மவுண்ட்டின் அச்சு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். பெரிய புல்லியும் அதன் மூடியும் உயரம் சரிசெய்யும் போல்ட்டிலோ முக்காலியிலோ இடிக்கலாம். ஐரோப்பியர்கள் போடும் காணொளிகளில் இந்தச் சிக்கல் வராது. மின்சாரம் கொடுக்காமல் கையால் முழுச் சுற்றும் திருப்பிப் பாருங்கள்.

படி 8: எண்ணைக் கொடுத்துச் சோதிப்பது

மோட்டார் ஒரு சுற்றுக்கு எடுக்கும் 200 படிகள் × ஒவ்வொரு படியையும் பிரிக்கும் 32 நுண்படிகள் × விகிதம் 3 × 144 பற்கள், அதை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 7680 படிகள். ஆன்ஸ்டெப் கேட்பது இந்த எண்ணைத்தான். உங்கள் பற்களின் எண்ணிக்கையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

வானம் தெளிந்த இரவில், திருவாதிரைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் மேற்கு ஓரத்தில் உள்ள மின்டாக்காவை நோக்குங்கள். அது வான நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் பிழை குறையாமல் முழுசாகத் தெரியும். அரை நிமிடத்துக்கு ஒரு படமாக 20 நிமிடம், அதாவது இக்யூ5 வார்மின் இரண்டு சுற்று, எடுத்து வரிசையாக ஓட்டிப் பாருங்கள். நட்சத்திரம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை போய்த் திரும்பினால் வார்மையோ பெரிய புல்லியையோ பாருங்கள். 3 நிமிடம் 20 நொடிக்கு ஒருமுறை என்றால் மோட்டார் புல்லி. ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் துருவ அச்சைச் சரிபார்த்துவிட்டு, எண்ணைத் திரும்பக் கணக்கிடுங்கள்.