நீர்த்தேக்கத்தில் ஃபினெஸ் முறையில் பாஸ் மீன்பிடிப்பு: பருவந்தோறும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய தூண்டில் நரம்பு, சிறிய முள், விரல் நீள மென்பிளாஸ்டிக் இரை ஆகியவற்றைக் கொண்டு பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கும் ஃபினெஸ் முறைக்குப் பொறுமை ஒன்றே போதும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மீன் இல்லாத இடத்தில் காட்டும் பொறுமையால் ஒரு பயனும் இல்லை. மெதுவாகச் செய்யும் வேலை என்பதால் ஒரு மணி நேரத்தில் துழாவக்கூடிய நீர்ப்பரப்பு மிகவும் குறைவு. ஆகவே எங்கே வீசுவது என்பதில் நேரும் பிழைதான் மற்றெல்லாப் பிழைகளையும்விடப் பெரியது. அந்த இடமோ பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

நீரின் வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸை எட்டும் வசந்த காலத்தில்தான் பெருவாய் பாஸ் முட்டையிடக் கரையோரம் வருகிறது. இதைக் கேள்விப்பட்டவர்கள், வெயில் சற்று உறைத்த முதல் வாரத்திலேயே கரையைப் பார்த்து வீசத் தொடங்கிவிடுகிறார்கள். காற்று சூடேறும் வேகத்தில் நீர் சூடேறுவதில்லை. நீர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும் நாட்களில், ஓடைக்கிளைகளின் வாயிலும், கரை சட்டென்று ஆழத்துக்குச் சரியும் முனைகளிலும்தான் மீன்கள் காத்திருக்கும். முட்டையிட்ட பிறகு கூட்டைக் காப்பது ஆண் மீன். அதைப் பிடித்துப் படகின் தொட்டியில் போட்டு வைத்தால், அதற்குள் சிறு மீன்கள் மொய்த்து முட்டைகளைத் தின்றுவிடும். கூட்டின் மேல் நிற்கும் மீனைத் தொடாமல் விடுவதே முறை என்பது என் கருத்து.

கோடையில் நேர்வது இதற்கு நேர்மாறான தவறு. வெப்பத்துக்கு அஞ்சி மீன் அடியாழத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்து, எட்டிய மட்டும் ஆழத்தில் இரையை இறக்குகிறார்கள். ஆழமான பல தேக்கங்களில் கோடைநீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுகிறது. மேலே வெதுவெதுப்பான நீர், அதன்கீழ் வெப்பம் சடாரென்று குறையும் ஓர் இடையடுக்கு, அதற்கும் கீழே குளிர்ந்த நீர். மேல்நீருடன் கலக்காத அந்தக் கீழ்நீரில் பிராணவாயு நாளடைவில் குறைந்துவிடுவதால், மீன் அங்கே தங்குவது கடினம். நீருக்கடியில் இருப்பதை ஒலியலையால் காட்டும் சோனார் திரையில் இடையடுக்கு பெரும்பாலும் மங்கலான பட்டையாகத் தெரியும். அதற்கு மேலே உள்ள மேடுகளிலும் மரத்தூர்களிலும்தான் இரைக்கு வேலை. சுமார் 9 மீட்டருக்குக் கீழிருந்து தூக்கப்படும் பாஸின் காற்றுப்பை அழுத்தம் குறைந்து உப்பிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அத்தகைய மீனைப் படம் பிடிப்பதற்காக நெடுநேரம் வைத்திருந்தால் அது திரும்ப ஆழத்துக்குப் போக முடியாமல் மேலேயே மிதக்கும்.

இலையுதிர் காலத்தில் சிறு மீன் கூட்டங்கள் ஓடைக்கிளைகளுக்குள் ஏற, பாஸும் அவற்றைத் தொடரும். கோடையில் கைகொடுத்த மேட்டிலேயே நங்கூரமிட்டு உட்காருவது வீண். மின் உற்பத்திக்கோ வெள்ளத்தடுப்புக்கோ நீர்மட்டத்தை இறக்கும் தேக்கமாக இருந்தால், போன மாதம் குறித்து வைத்த இடம் இப்போது தரையாகவே இருக்கலாம். கூட்டம் கூட்டமாகச் சிறு மீன்கள் மொய்க்கும் இந்தப் பருவத்தில் ஃபினெஸ் முறையைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்வதும் தவறுதான். வேகமாக இழுத்து ஓட்டும் செயற்கை இரை சில நாட்களில் அதைவிட நன்றாகப் பலன் தரும்.

குளிர்காலத்தில் தவறு செய்வது கை. குளிர்நீரில் பாஸின் செரிமானம் மந்தமாகிவிடுவதால், தூரம் ஓடி இரையைத் துரத்த அது விரும்புவதில்லை. டிராப் ஷாட் என்னும் ஃபினெஸ் தூண்டில் அமைப்பில் ஈயக்குண்டு நரம்பின் நுனியிலும், முள் அதற்கு ஒரு சாண் மேலேயும் இருக்கும். கோலை ஆட்டும்போதெல்லாம் குண்டும் தரையில் நகர்ந்தால் ஆட்டம் மிகை. குண்டு கிடந்த இடத்திலேயே கிடக்க, நரம்பு சற்றே தொய்ந்திருக்க, கோலின் நுனி மட்டும் நடுங்க வேண்டும். அதன்பின் பத்து விநாடி சும்மா இருப்பது பலருக்கும் முடியாத காரியம். கடி பெரும்பாலும் அப்போதுதான் விழுகிறது.

எல்லாப் பருவத்துக்கும் பொதுவான சில பிழைகள் கருவிகளில் இருக்கின்றன. ஃபுளூரோகார்பன் என்னும் பிளாஸ்டிக் வகை நரம்பை எச்சிலால் நனைக்காமல் முடிச்சை இறுக்கினால், உராய்வுச் சூட்டில் அந்த இடம் பலவீனமாகி, பெரிய மீன் இழுக்கும்போது அறுந்துவிடும். மெல்லிய கம்பியாலான முள்ளுக்குக் கோலை வெடுக்கென்று சுண்டி இழுக்கத் தேவையில்லை. தொய்வைச் சுற்றி எடுத்து ஒரே சீராகக் கோலைச் சாய்த்தாலே முள் ஏறிவிடும். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீலைச் சுற்றுவது இன்னொரு கெட்ட பழக்கம். மீன் பலமாக இழுத்தால் நரம்பை வெளியே விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக் வழுக்கும் நேரத்தில் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் ஸ்பின்னிங் ரீலின் நரம்பில் முறுக்கை ஏற்றி, பின்னர் வீசும்போது சிக்கலாகத் தலைகாட்டும். முறுக்கு ஏறிவிட்டால், முள்ளையும் குண்டையும் கழற்றிவிட்டு, ஓடும் படகின் பின்னால் நரம்பை நீளமாக இழுபட விட்டு, விரலால் இறுக்கிப் பிடித்தபடி மீண்டும் சுற்றிக்கொள்ளலாம்.