பரிசுப் பணம் மட்டும் போதாது

தோட்டத்து இளைஞர் மன்றமோ பாடசாலையோ "இதற்குத் தீர்வு சொல்லுங்கள்" என்று போட்டி வைத்தால், முதலில் பேசுவது பரிசுத் தொகையைப் பற்றித்தான். பணம் ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும், சரி. ராத்திரி விழித்து யோசிக்க வைப்பது புதிரை அவிழ்க்கும் ருசியும், சொன்னதை யாராவது செய்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையும்.

அதனால் கேள்வியைச் சின்னதாக வெட்டி எழுதுங்கள். "தேயிலை மலையில் பாதுகாப்பு" என்றால் யாரும் கை வைக்கமாட்டார்கள். "கொழுந்து பறிக்கும் நிரையில் குளவிக்கூடு இருப்பதைக் கிட்டப் போகாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேளுங்கள், ஆட்டோ ஓட்டுபவரும் மூளையைக் கசக்குவார்.

துறைச் சொற்களையும் குறையுங்கள். விடை பல நேரம் வெளியாளிடம் இருக்கும். கடலில் கப்பல் நிற்கும் நெடுங்கோட்டை (கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்பதை) கண்டறியும் வழிக்கு 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது. வானியலாளர்கள் நிலவையும் நட்சத்திரத்தையும் அளந்துகொண்டிருக்க, தச்சுவேலை பழகிய ஜோன் ஹரிசன் கடலிலும் பிசகாத கடிகாரம் செய்தார்; அது காட்டும் துறைமுக நேரத்தைக் கப்பல் நிற்கும் இடத்து நேரத்தோடு ஒப்பிட்டால் நெடுங்கோடு தெரிந்துவிடும். (மிச்சப் பணம் அவர் கைக்கு வர 1773 ஆனது, அதுவும் பாராளுமன்றம் தலையிட்ட பிறகு. இந்த விஷயத்தில் பரிசை இழுத்தடித்தவர்களைப் பார்த்துப் படிக்கவேண்டாம்!)

அப்புறம், தெரிவான யோசனையை எந்த மலையில், எந்த மாதம் பரீட்சித்துப் பார்ப்பீர்கள், அது யாருக்குச் சொந்தம் என்பதை அறிவித்தலிலேயே போடுங்கள். தெரிவாகாதவர்களுக்கும் ஏன் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள்.