பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா: அறுவை சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கும் துளை அகன்று, இரைப்பையின் பெரும்பகுதி, சிலருக்கு முழு இரைப்பையுமே, நெஞ்சுக்குள் ஏறிவிடுவதுதான் பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா. இதை 'கேஸ் ட்ரபிள்' என்று வருடக்கணக்கில் மாத்திரையிலேயே ஓட்டுவதுதான் முதல் தவறு. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், மேலே போன இரைப்பையை இறக்காது. சொல்லப்போனால் பலருக்கு நெஞ்செரிச்சலே பெரிதாக இருக்காது. நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சை அடைக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். உதரவிதானம் அழுத்தும் இடத்தில் 'கேமரூன் புண்கள்' வந்து ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துகொண்டே இருக்கும், ஹீமோகுளோபின் ஏறாது.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது என்பதற்காகவே கத்தி வைப்பதும் தவறுதான். இரைப்பை முறுக்கிக்கொள்ளும் என்ற பயத்தில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் அறுவையைப் பரிந்துரைத்தார்கள். தொந்தரவு இல்லாத, அல்லது லேசாக உள்ளவர்களுக்கு அவசர அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் என்று 2002-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதற்காக, சாப்பிடவே முடியாமல் தவிப்பவரை 'வயசாயிடுச்சு' என்று தள்ளிப்போடுவது நியாயமில்லை. மேல்வயிற்றில் கடும் வலி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராத நிலை இரண்டும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, அறுவை என்று முடிவானால்? இரைப்பையைக் கீழே இழுத்துத் துளையைத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பையைச் சுற்றியிருக்கும் சவ்வான ஹெர்னியாப் பையைப் பிரித்து இறக்காவிட்டால், அதுவே இரைப்பையை மறுபடி மேலே இழுக்கும். உணவுக்குழாயை நெஞ்சுப்பகுதியில் நன்றாக விடுவித்து, இழுத்துப் பிடிக்காமலே 2 முதல் 3 செ.மீ. வயிற்றுக்குள் நிற்கும்படி செய்ய வேண்டும். நிற்கவில்லையென்றால் இரைப்பையின் மேல்பகுதியைக் குழாய்போல் வடிவமைத்து நீளம் சேர்க்கும் 'கோலிஸ்' முறை இருக்கிறது. விறைப்பாகத் தைத்த தையல் நிலைக்காது. என்னைக் கேட்டால், தைத்த துளையை வலுப்படுத்தும் வலையான மெஷ் வைப்பீர்களா என்பதைவிட இந்த நீளத்தைப் பற்றித்தான் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

மெஷ் கதை சுவாரசியமானது. பன்றிக் குடலிலிருந்து செய்த மெஷ்ஷை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், 6 மாதத்தில் ஹெர்னியா திரும்பியது மெஷ் வைத்தவர்களில் 9 சதவீதம், வைக்காதவர்களில் 24. எல்லோரும் மகிழ்ந்தார்கள். அதே நோயாளிகளைச் சுமார் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் மெஷ் வைத்தவர்களில் 54 சதவீதம், வைக்காதவர்களில் 59! வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. செயற்கை மெஷ்ஷோ அபூர்வமாக உணவுக்குழாயையே அரித்துவிடும்.

அந்த எண்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். திரும்பியவற்றில் பெரும்பாலானவை சிறியவை, எக்ஸ்ரேயில் மட்டும் தெரிபவை. மறு அறுவை தேவைப்பட்டவர்கள் மிகச் சிலரே. தொந்தரவில்லாமல் சாப்பிடுகிறவரைப் படத்தைக் காட்டி மறுபடி மேஜையில் ஏற்றக் கூடாது.

அப்புறம், வீட்டுக்கு வந்த பின். முதல் சில வாரங்கள் கஞ்சி, குழைந்த சாதம் போதும். சோடாவும் கெட்டியான சப்பாத்தியும் வேண்டாம். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. வாந்தி வருவதுபோல் இருந்தால் அடக்கிக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். ஒரு பலமான ஓங்கரிப்பே புதுத் தையலைப் பிய்த்துவிடக்கூடும்.