பழைய புத்தகம் முன்பு யாரிடம் இருந்தது? தேடிப் பிடிக்கும் வழி

ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ பழைய பேப்பர் கடையில் வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கையெழுத்து இருக்கிறதா? உடனே அந்தப் பெயரை ஃபேஸ்புக்கில் தேட ஆரம்பிக்காதீர்கள், ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள். முதலில் காலம், அடுத்து ஊர், அப்புறம்தான் பெயர்.

1. புரட்டுங்கள். எதையும் துடைக்க வேண்டாம். உள்ளே பஸ் டிக்கெட்டோ கடிதமோ கிடந்தால் அது இருந்த பக்கத்தோடு சேர்த்துப் படமெடுங்கள். கடல் காற்றில் புத்தகத்தைத் தைத்த கம்பிப் பின் துருவேறித் தாள் மொடமொடவென்று ஆகியிருக்கும், அதனால் விரித்து அழுத்தக் கூடாது. அழித்த பென்சில் எழுத்தைப் படிக்க, விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் தாளின் ஓரத்தில் படுக்கவைத்தாற்போல் பிடியுங்கள். பென்சில் அழுந்திய பள்ளம் நிழலாக எழும்பும், சில சமயம் அடுத்த தாளிலும் கூட.

2. காலம். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சு. நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் இடையில். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு எழுதியது. விலை அச்சான காலத்தைத்தான் சொல்லும், வைத்திருந்தவரின் காலத்தை முகவரிதான் சொல்லும்.

3. ஊர். 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருந்தால் கடலோரத்தோடு நின்றுவிடாதீர்கள். 1985இல் பிரிக்கும்வரை சிவகங்கை, விருதுநகர் பக்கமெல்லாம் இந்த ஜில்லாதான். கொழும்பு, யாழ்ப்பாணக் கடை முத்திரையும் இங்கே வரக்கூடியதுதான். 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது, இலங்கையில் வியாபாரம் செய்த கீழக்கரைக் குடும்பங்களின் பெட்டிகளில் புத்தகமும் சேர்ந்து வந்திருக்கலாம். நூலக முத்திரை இருந்து, நீக்கம் செய்ததற்கான அடையாளம் இல்லையென்றால், முதலில் அந்த நூலகத்தில்தான் கேட்க வேண்டும்.

4. பெயர். இனிஷியலை விட்டுவிடாதீர்கள். இரண்டெழுத்து இருந்தால் பெரும்பாலும் முன்னது ஊர் அல்லது தாத்தா, பின்னது அப்பா. ஒரே பெண் பெயர், ஒரே கையெழுத்து, ஆனால் இனிஷியல் மட்டும் மாறியிருக்கிறதா? கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அதே புத்தகம் அவரிடமே இருந்திருக்கலாம். இதைக் கவனித்தால் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று தேட இரண்டு குடும்பம் கிடைக்கும். எனக்கு இந்தத் தேடலிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

5. விசாரியுங்கள். இணையத்தைவிட ஊர்ப் பெரியவர்கள் மேல். ஓய்வுபெற்ற வாத்தியார், தபால்காரர், ஜமாஅத் அலுவலகம், கோயில் அல்லது சர்ச் அலுவலகம் என்று போய், "ஐயா, இந்தப் பேர்ல இங்க யாராச்சும் இருந்தாங்களா?" என்று புத்தகத்தையே கையில் கொடுத்துக் கேளுங்கள். பெயரைவிடக் கையெழுத்தைத்தான் சிலர் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் வீட்டு முகவரியையும் சொந்தக் கடிதங்களையும் மறைத்துவிட்டுத்தான் போட வேண்டும். குடும்பம் கிடைத்தால், புத்தகம் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம், வேண்டுமென்றால் காசு வாங்காமல் கொடுத்துவிடுங்கள்.