1000 கஜத்தில் மட்டும் மேலே ஏறிய குண்டுகள்
6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைக்கான ரைஃபிள், 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு. 100 கஜத்தில் அரை அங்குலத்துக்குள் குவிந்துவிடும், ஆனால் டெக்சாஸ் வெயிலில் 1000 கஜத்துக்குப் போனால் சில குண்டுகள் மட்டும் ஓர் அடி மேலே ஏறும், பக்கவாட்டில் பெரிய விலகலே இருக்காது. ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) ரைஃபிளில் பொருத்தும் திருகுகளைச் சரிபார்த்தேன், ஸ்கோப்பையே மாற்றினேன், தோட்டாவின் வெடிமருந்தை மறுபடி எடைபோட்டு நிரப்பினேன், பலனில்லை.

அப்புறம் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் குறித்தபோதுதான் பிடிபட்டது: தோட்டாவை உள்ளே போட்டுவிட்டு, காற்று அடங்கட்டும் என்று காத்திருந்து சுட்டவை மட்டும் வேகமாகப் போயிருக்கின்றன. சூடான சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை) கிடக்கும் தோட்டாவின் மருந்தும் சூடேறி அழுத்தம் கூடுகிறது. வினாடிக்கு 10 அடி கூடினாலே அந்தத் தூரத்தில் சுமார் 3 அங்குலம் உயரும்.

இப்போது காற்றைக் கணித்த பிறகே தோட்டாவை உள்ளே தள்ளுகிறேன், தோட்டாப் பெட்டி நிழலில் இருக்கிறது. வெப்பத்தால் அவ்வளவாக மாறாத மருந்துக்கும் மாறியாயிற்று. மேலே ஏறுவது நின்றுவிட்டது, பெரிய நிம்மதி.