காதைத் தாக்கும் மருந்துகள்: கட்டிலருகே கேட்கும் திறனைச் சோதிக்கும்போது செய்யும் தவறுகள்

“பேசினால் நன்றாகத்தானே கேட்கிறது, அப்புறம் எதற்கு டெஸ்ட்?” கேட்கும் திறனை அளக்கும் கையடக்க ஆடியோமீட்டரோடு நோயாளியின் கட்டிலருகே போய் நின்றால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் முதல் தவறும் அதற்குள்ளேயே இருக்கிறது.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், கடுமையான தொற்றுக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும் போடும் அமிகாசின் போன்ற ஊசிகள் உட்காதின் நத்தைச்சுருளில் உள்ள முடி செல்களைக் கொல்லக்கூடியவை. மனிதர்களுக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. சேதம் சுருளின் அடிப்பகுதியில், அதாவது மிகக் கீச்சான ஒலிகளை வாங்கும் இடத்தில், தொடங்கி மெதுவாக மேலே நகர்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளே போதும். அதனால் “பேச்சு தெளிவாக இல்லை” என்று நோயாளியே சொல்லும் நாளில் சேதம் பாதி வழி வந்திருக்கும்.

வழக்கமான 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான சோதனையோடு நிறுத்திக்கொள்வதும் இதே கணக்கில்தான் தவறாகிறது. கருவியும் ஹெட்போனும் இடம் கொடுத்தால் 9000 முதல் 16000 வரை போய்ப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு அந்த உயரத்தில் ஏற்கெனவே எதுவும் கேட்காமல் இருக்கலாம். அப்போது அவருக்குக் கேட்கும் உச்ச சுருதி (ஒலியின் ஹெர்ட்ஸ் அளவு) எது என்று கண்டுபிடித்து, அதையும் அங்கிருந்து நெருக்கமான படிகளில் கீழே உள்ள ஆறு சுருதிகளையும் மட்டும் ஒவ்வொரு முறையும் கண்காணிக்கலாம். முழுச் சோதனைக்கு உட்காரத் தெம்பில்லாத நோயாளிக்கு இந்தச் சுருக்க வழி பெரிய உபகாரம்.

சரி, எல்லாவற்றிலும் பெரிய தவறு எது என்று கேட்டால், மருந்து தொடங்கும் முன் ஒரு அடிப்படை அளவு எடுக்காமல் விடுவதைத்தான் சொல்வேன். மூன்றாவது கீமோவுக்கு வந்தவருக்கு 8000 ஹெர்ட்ஸில் 35 டெசிபல் என்று வருகிறது, அதாவது அவ்வளவு சத்தம் வைத்தால்தான் கேட்கிறது; எண் கூடினால் கேட்கும் திறன் குறைவு. இது மருந்தின் வேலையா, வயதா, இருபது வருடம் இரைச்சலான பட்டறையில் நின்றதா? முதல் நாள் தாளில் 15 என்று இருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டிய செய்தி. அன்றும் 35 என்றால் ஒன்றுமே நடக்கவில்லை. தாளே இல்லையென்றால் அந்த 35-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சிஸ்பிளாட்டினுக்கு முதல் டோஸுக்கு முன்பும், தாமதித்தால் 24 மணி நேரத்துக்குள்ளும், அமிகாசின் சேர்ந்த அமினோகிளைகோசைடு வகை ஊசிகளுக்கு 72 மணி நேரத்துக்குள்ளும் இந்த அளவை எடுத்துவிட வேண்டும்.

மாற்றம் என்று எதை எடுத்துக்கொள்வது? அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் சங்கம் 1994-இல் வகுத்த வரையறை இன்றும் பரவலாகப் புழங்குகிறது: ஒரு சுருதியில் 20 டெசிபல், அல்லது அடுத்தடுத்த இரண்டில் தலா 10 டெசிபல் கூடியிருக்க வேண்டும், அல்லது முன்பு கேட்ட மூன்று அடுத்தடுத்த சுருதிகள் இப்போது கேட்காமல் போயிருக்க வேண்டும். ஒரே சோதனையை நம்பிச் சொல்லிவிடவும் கூடாது. திரும்பச் சோதித்து உறுதி செய்த பிறகே அது மாற்றம். 5 டெசிபல் ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் வரும். அதைப் பார்த்துப் பதறவேண்டாம்.

வார்டில் சோதிப்பது ஒலி அடைத்த அறையில் சோதிப்பது போல் இருக்காது. தலைமாட்டில் டிரிப் பம்ப் ‘பீப்’ என்கிறது. கண் மூடிக் காத்திருந்த நோயாளி பொத்தானை அழுத்திவிடுகிறார். கருவி அதைச் சரியான பதில் என்று எழுதிக்கொள்கிறது. தானியங்கிச் சோதனையில் இந்தப் பிழையை யாரும் கவனிப்பதே இல்லை. அதனால் கருவியை ஓடவிட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாமல் நோயாளியின் கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏசி, மின்விசிறி இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளையே மறைக்கும். நாம் தேடும் உயர்ந்த சுருதிகள் ஓரளவு தப்பிக்கும். கட்டிலருகே சோதிக்க முடிவதே இந்த அதிர்ஷ்டத்தால்தான். ஆனால் 250-இலும் 500-இலும் திடீரென்று குறைவு தெரிந்தால் மருந்தைப் பழிக்கும் முன் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள்.

ஹெட்போன் விஷயத்தில் அலட்சியம் சகஜம். ஆடியோமீட்டரும் அதன் ஹெட்போனும் ஒரே ஜோடியாக அளவீடு சரிபார்க்கப்பட்டவை. “இது அறுந்துபோச்சு, அதைக் குடு” என்று வேறொன்றைச் செருகினால் எண்கள் பொய். செல்போன் செயலியும் கையில் கிடைத்த இயர்போனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூக்குக்கண்ணாடி, தோடு, ஹெட்போனின் அடியில் மாட்டிய முடி எல்லாவற்றையும் அகற்றி, போன முறை வைத்த மாதிரியே வைக்க வேண்டும். உயர்ந்த சுருதிகளில் ஹெட்போன் கொஞ்சம் நகர்ந்தாலே அளவு மாறும். அதற்கு முன் காதுக்குள் ஒரு முறை எட்டிப் பாருங்கள். குறும்பியை மருந்தின் சேதம் என்று எழுதிவிடக் கூடாது அல்லவா!

சோதிக்கும் நேரமும் முக்கியம். கீமோ முடிந்து குமட்டலோடு படுத்திருப்பவரிடம் மெல்லிய ஒலியைக் கவனிக்கச் சொன்னால் என்ன பதில் வரும்? அடுத்த டோஸுக்குச் சற்று முன் பிடியுங்கள். பொத்தான் அழுத்தத் தெரியாத குழந்தைக்கு, பதில் எதுவும் கேட்காமல் உட்காது தானே எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் ஓஏஈ சோதனை இருக்கிறது. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் அதுவும் ஏமாற்றும் என்பதால் செவிப்பறையும் நடுக்காதும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியும் கூடவே வேண்டும்.

ஃபுரோசமைடு போன்ற நீர் பிரியும் ஊசி கூடவே போகிறதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது ஊசி போட்டபின் காது போனதா என்று கேட்க மறப்பவர்கள் பலர். கடைசிக் கேள்வி கதை கேட்பதற்காக அல்ல. தாய்வழி வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் அமினோகிளைகோசைடு மிகச் சில டோஸிலேயே காதைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று, ஆடியோகிராம் (ஆடியோமீட்டர் சோதனையின் வரைபடம்) நன்றாக இருந்தால் உட்காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அமினோகிளைகோசைடு வகையிலேயே ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் பெரும்பாலும் சமநிலை உறுப்பைத்தான் முதலில் தாக்கும். “நிற்கும்போது பெயர்ப்பலகை படிக்க முடிகிறது, நடந்தால் எழுத்து குதிக்கிறது” என்று நோயாளி சொன்னால் அதை அசதி என்று தள்ளாதீர்கள். காதில் புதிதாக ‘ஙொய்’ என்ற இரைச்சல் வந்தாலும் அடுத்த சோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்து முடிந்ததும் சோதனையை முடித்துக்கொள்வதும் தவறு. சிஸ்பிளாட்டினின் பிளாட்டினம் உட்காதில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தங்குவது தெரிந்த விஷயம். சிகிச்சை முடிந்ததும் ஒரு முறை, பிறகு 3, 6 மாதங்களில் ஒவ்வொரு முறை பார்ப்பது வழக்கம். குழந்தைகளை இன்னும் பல வருடம் தொடர வேண்டும்.

அப்புறம் அந்த முடிவுத்தாள். அது கோப்புக்குள் போய் உறங்கினால் சோதித்ததே வீண். அடுத்த டோஸ் எழுதும் மருத்துவர் அதற்கு முன் பார்த்தால்தான் அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, உயிர் காக்க அப்படியே தொடர்வதா என்று நோயாளியோடு பேச முடியும். அந்த எண்களைப் பார்த்துப் பயந்து நோயாளியே ஊசியை நிறுத்திக்கொள்வதும் நடக்கிறது. ஆகவே தாளைக் கையில் கொடுக்கும்போதே, மருத்துவரைப் பார்க்கும்வரை ஊசியை விடாதீர்கள் என்றும் சொல்லிக் கொடுங்கள்.