பயத்தோடு பைரவரிடம் போகும்போது

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது அதியமான்கோட்டை. அங்கே காலபைரவர் சன்னிதியில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணி விளக்கு ஏற்றுவது வழக்கம். கடன், வழக்கு, ஆபரேஷன் என்று ஏதோ ஒரு பயத்தைச் சுமந்து வருகிறவர்கள் நிறைய.

தேய்பிறை அஷ்டமி என்பது பௌர்ணமிக்குப் பின் எட்டாவது திதி. நடுப்பகலில் பிறந்து மறுநாள் முடிவதும் உண்டு. தேதியோடு நேரத்தையும் காலண்டரில் பாருங்கள்.

ஒன்றரை கிலோ பூசணி போதும். குறுக்கே இரண்டாக வெட்டி, விதையையும் நாரையும் வழித்து, சதையை இரண்டு விரல் கனத்துக்கு விடுங்கள். அடியில் உருளாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் தோலைச் சீவுங்கள். ஆழமாகச் சீவினால் எண்ணெய் ஒழுகும். வெட்டியதும் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, துணியால் துடைத்துவிடுங்கள். பலர் விடுகிற இடம் இதுதான். பூசணி நீர் விடும், அது எண்ணெய்க்கு அடியில் தங்கும், திரி அதை உறிஞ்சிப் படபடவென்று வெடித்து அணையும். விளக்கு அணைந்தால் சகுனம் என்று மனசு பதறும்; காரணம் ஈரம்தான். மஞ்சள் குங்குமம் வைத்து, நூறு மில்லி நல்லெண்ணெய் ஊற்றி, முன்பே எண்ணெயில் ஊறிய தடித்த திரியை விளிம்பில் சாய்த்துப் போடுங்கள். கூட்டத்தில் முந்தானை, துப்பட்டா பத்திரம்.

வேண்டுதலில்தான் கவனம் வேண்டும். "பயமா இருக்கு சாமி" என்றால் பயம் புகைபோலப் பரவியே கிடக்கும். எதற்குப் பயம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "திங்கட்கிழமை பேங்க் மேனேஜர் முன்னால் நிற்கப் பயப்படுகிறேன்." அடுத்து, அங்கே போய் நிற்கும் பலத்தைக் கேளுங்கள். கடனே மறைய வேண்டும் என்று கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், அடுத்த அஷ்டமிக்கும் அதே பயம்தான் வரும்.

தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனால் டாக்டரையும் பாருங்கள். 14416-க்கு அழைத்தால் கட்டணமில்லாமல் மனநல ஆலோசனை கிடைக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேண்டுதலை நம்பி அதை நிறுத்த வேண்டாம்.

ராத்திரி பயம் எழுந்தால் எழுந்து உட்கார்ந்து திருநீறு பூசுங்கள். மூச்சை மெல்ல இழுத்து, விடும்போது "சிவாயநம" என்று நீட்டிச் சொல்லுங்கள். வேகமாகச் சொன்னால் மூச்சு இரைத்துப் படபடப்பு கூடும். விடும் மூச்சு நீள நீள, நெஞ்சின் துடிப்பு தணியும். பத்து நிமிஷம் இப்படிச் சொல்லிவிட்டுப் படுங்கள்.